சிக்கெடுக்கவும் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 38 ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பிழைத்தவன் நான். கண் ஒத்துழைக்காததால் தொழிலை விட்டுவிட்டு, இப்போது வீட்டில் பேத்திக்கும் பேரனுக்கும் துணையாக இருக்கிறேன். பேத்திக்கு ஏழு வயது, பேரனுக்கு நாலரை. இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கத்தில் ‘பதினைந்தே நிமிடத்தில் வண்ண நூல் நட்சத்திரம்’ என்று ஒரு செய்முறை வந்திருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை மொத்தம் ஆறு வரி. இரண்டு குச்சிகளைக் குறுக்காக வையுங்கள், நூலைச் சுற்றுங்கள், வண்ணத்தை மாற்றுங்கள், முடிச்சுப் போடுங்கள், சுவரில் மாட்டுங்கள். கூடவே கண்ணைப் பறிக்கும் ஒரு படம். ஆனால் என்ன நூல் என்று ஒரு சொல் இல்லை. எவ்வளவு நீளம் என்பதும் இல்லை. என்னிடம் ஒருவர் வந்து, ‘ஒரு சட்டை தைத்து வையுங்கள்’ என்று சொல்லிவிட்டு அளவும் கொடுக்காமல் துணியும் கொடுக்காமல் போய்விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பேத்தி செய்முறையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, நூல் என்றால் நூல்தானே என்று என் பழைய பெட்டியிலிருந்து தையல் நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அந்த நூலை இருபது சுற்று சுற்றினாலும் விரல் அகலம் நிரம்பாது. போதாக்குறைக்குக் குச்சிகள் நழுவிக்கொண்டே இருந்தன. நடுவில் இறுக்கிக் கட்டாத குச்சி எப்படி நிற்கும்? கூட்டல் குறி போல் வைத்தது, ஐந்தாவது சுற்றில் கத்தரிக்கோல் போல் மடங்கிவிட்டது. அவள் நிமிர்த்துவாள், அது மடங்கும். அரை மணி நேரம் இந்தப் போராட்டம்.

வேலை முடிந்து வந்த மருமகள் பார்த்தாள். “பதினைந்து நிமிடம் என்றுதானே போட்டிருக்கிறார்கள் மாமா, நானே முடித்துக் கொடுத்துவிடுகிறேன்” என்று உட்கார்ந்தாள். கம்பளி நூல் எடுத்தாள், சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று அடுக்கினாள், படத்தில் இருப்பதைவிட நன்றாகவே செய்தாள். கைவேலையில் அவள் கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நட்சத்திரம் சுவரில் ஏறியது.

மூன்றாம் நாள் பார்க்கிறேன், ஆணியில் இரண்டு மொட்டைக் குச்சிகள் தொங்குகின்றன. நூலைக் காணோம். பேத்தி தன் பொம்மைக்கு இடுப்புக் கயிறு பின்னிக்கொண்டிருந்தாள், ஆரஞ்சு நூலில்.

“நட்சத்திரத்தைப் பிரித்துவிட்டாயா அம்மா?” என்றேன்.

“அது அம்மா செய்தது தாத்தா. ஆரஞ்சு நூல் என்னுடையது.”

சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள். வருத்தமோ கோபமோ அவளிடம் இல்லை. வேண்டிய பொருள் எங்கே இருந்ததோ அங்கிருந்து எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அன்று மாலையே முதலிலிருந்து தொடங்கினோம். உங்கள் செய்முறையில் விட்டுப்போன முதல் வேலை, குச்சிகளைக் கட்டுவது. கம்பளி நூலின் நுனியை ஒரு குச்சியில் முடிந்துகொண்டு, இரண்டு குச்சிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு மூலைவிட்டமாக நான்கு சுற்று, மறு மூலைவிட்டமாக நான்கு சுற்று. பிறகு ஆட்டிப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது. அதன் பிறகுதான் சுற்றும் வேலை. நூலைக் குச்சியின் மேலே கொண்டுபோய், அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அடுத்த குச்சிக்குப் போக வேண்டும். போன சுற்றுக்கு வெளிப்பக்கமாக, ஒட்டினாற்போல் படுக்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. பேத்திக்கு முதல் பத்துச் சுற்றில் இரண்டு முறை மேலே சுற்ற வேண்டியது கீழே போய்விட்டது. நான் வாய் திறக்கவில்லை. பத்தாவது சுற்றில் அவளே விரலால் தடவிப் பார்த்து, “இங்கே பள்ளமாக இருக்கிறது” என்று கண்டுபிடித்து, அதுவரை பிரித்தாள். 38 ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், தையலைப் பிரிக்கத் தெரியாதவனுக்குத் தைக்கவும் தெரியாது.

முடிந்தபோது அவள் அதைத் திருப்பி மாட்டினாள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பிடித்திருக்கிறதாம். பின்பக்கத்தில் குச்சிகள் வெளியே தெரியும், நூல் உள்ளே இறங்கிப் படிக்கட்டு போல் இருக்கும். அதுவும் அழகுதான். உங்கள் படத்தில் பின்பக்கத்தைக் காட்டவே இல்லை.

இந்த வடிவத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு என்பதையும் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். மெக்சிகோவின் மேற்கு மலைப்பகுதியில் வாழும் ஹுய்ச்சோல் மக்கள், தங்களை விராரிகா என்று அழைத்துக்கொள்கிறவர்கள், இதை வேண்டுதல் பொருளாகச் செய்கிறார்கள். ‘கடவுளின் கண்’ என்று பொருள்படும் பெயரை ஸ்பானியர்கள் அதற்கு வைத்தார்கள். பேத்தியிடம் சொன்னேன். நடுவில் இருக்கும் சிறிய சதுரத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுவும் பார்க்கிறதா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சரி, நீளத்துக்கு வருகிறேன். தையல் பழகும் எந்தப் பையனுக்கும் முதல் நாள் சொல்லும் விதி, ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதே என்பது. முழம் என்றால் அவரவர் முழம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவளுடைய முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு தையலுக்கும் கையை ஓங்கி இழுக்க வேண்டியிருக்கும், பக்கத்தில் இருப்பவன் கன்னத்தில் இடிக்கும், நூல் தன்னையே கட்டிக்கொள்ளும். பிள்ளைகளோ அடிக்கடி கோக்கச் சோம்பி, இரு கைகளையும் விரித்து அளக்கும் பாகக் கணக்கில் இரண்டு பாகம் நீளத்துக்கு எடுப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான்.

பூத்தையல் நூல் வாங்கினால் இன்னொரு சங்கதி. அந்த நூல் பார்க்க ஒன்று, உள்ளே ஆறு இழை. பெரும்பாலும் எட்டு மீட்டர் கொண்ட சிறிய சிட்டமாக வரும். குழந்தைக்கு ஆறு இழையும் சேர்ந்தால் ஊசிக் கண்ணில் நுழையாது, இரண்டு மூன்று இழையாகப் பிரிக்க வேண்டும். இங்கேதான் வீடு வீடாகக் கண்ணீர். நுனியை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். அடுத்த நொடி நடுவில் கொத்தாக முறுக்கிக்கொண்டு நிற்கும். இழையை ஒவ்வொன்றாகத்தான் உருவ வேண்டும். நுனிக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, ஒரே ஓர் இழையை நேர் மேலே இழுக்க வேண்டும். மற்ற ஐந்தும் விரலுக்குக் கீழே சுருங்கிக் குவியும், சிக்கிவிட்டதோ என்று பயமாக இருக்கும். இழை முழுதாக வெளியே வந்ததும் குவியலை ஒரு நீவு நீவினால் பழையபடி நேராகிவிடும். பேரன் இதை மாயவித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு சிட்டம் முழுவதையும் உருவி உருவித் தீர்த்துவிட்டான். எதையும் செய்யவில்லை, உருவினான், நீவினான், சிரித்தான். அந்த மாலைப் பொழுதுக்கு அதுவே போதுமான வேலையாக இருந்தது.

இப்போது சிக்கு. சிறுவர் பக்கங்களில் யாருமே எழுதாத விஷயம் இதுதான், நூல் வேலையில் பாதி நேரம் போவதும் இதில்தான். சிக்கு விழுந்தால் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளை இழுக்கிறது. இறுகுகிறது. பெரியவர் வாங்கிப் பார்க்கிறார், அவரும் இழுக்கிறார். பிறகு கத்தரிக்கோல். வெட்டிய இடத்தில் இரண்டு நுனி நான்காகிறது, நான்கு எட்டாகிறது, கடைசியில் மொத்தமும் குப்பைக்கு.

சிக்கு என்பது பெரும்பாலும் முடிச்சே இல்லை. நூல் நுனி ஒரு வளையத்துக்குள் முழுதாகப் புகுந்து வெளியே வந்தால்தான் முடிச்சு. மற்றதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வளையங்கள், இழுத்தால்தான் அவை முடிச்சைப் போல இறுகுகின்றன. ஆகவே முதலில் நுனியைத் தேடாதே, மொத்தச் சிக்கையும் பூப்போலத் தளர்த்து என்று பேரனுக்குச் சொன்னேன். மேசைமேல் வைத்து, எல்லாப் பக்கமும் வளையங்களை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துவிட வேண்டும். கைப்பிடி அளவு இருந்த சிக்கு தட்டு அளவுக்குப் பரவும். பரவிய பிறகு பார்த்தால் வழி தானாகத் தெரியும். இறுகிய இடம் இருந்தால் மொட்டை ஊசியின் முனையை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் அசைத்தால் இளகும்.

நாலரை வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை ஏது என்று நானும்தான் நினைத்தேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கை வலது கன்னத்துக்குள் துருத்திக்கொண்டு, ஒரு பச்சைச் சிக்கோடு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தான். இடையில் ஒரு முறை நான் கையை நீட்டினேன். என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தான்.

முறுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் பஞ்சு நூலும் முறுக்கினால்தான் நூல், முறுக்கு இல்லாவிட்டால் வெறும் பஞ்சு. ஊசியால் தைக்கும்போது நாம் அறியாமலே விரலுக்குள் ஊசியை உருட்டுகிறோம். அதனால் நூலில் முறுக்கு ஏறுகிறது, அல்லது குறைகிறது. ஏறிய முறுக்கு போக இடமில்லாமல் பன்றிவால் போலச் சுருள்கிறது, அதுதான் சிக்காகிறது. மருந்து ரொம்ப எளிது. துணியைத் தூக்கிப் பிடித்து, ஊசியை அந்தரத்தில் தொங்க விட வேண்டும். ஊசி தானாகவே பம்பரம் போல் சுற்றும், முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, கடைசியில் ஒரு தயக்கம், மறுபக்கம் அரைச் சுற்று, நின்றுவிடும். முறுக்கு சமமாகிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் இருவரும் இதற்காகவே வேண்டுமென்று ஊசியை உருட்டி முறுக்கேற்றுகிறார்கள்.

இதே முறுக்கை வைத்து ஊசியே இல்லாமல் கயிறு செய்யலாம். மூன்று நான்கு வண்ணக் கம்பளி நூல்களைச் சேர்த்து, ஒரு முனையைப் பேத்தியும் மறு முனையைப் பேரனும் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் முறுக்க வேண்டும். நூல் விறைப்பாகி, தளர்த்தினால் மடிந்து சுருளும் அளவுக்கு வந்ததும் நான் நடுவில் விரலை வைப்பேன். இருவரும் விறைப்பு குறையாமல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். விரலை எடுத்தால், இரண்டு பாதியும் ஒன்றையொன்று சர்ரென்று சுற்றிக்கொண்டு கயிறாகிவிடும். முனையில் ஒரு முடிச்சு, வேலை தீர்ந்தது. வேண்டிய நீளத்தைப்போல மூன்று மடங்கு நூலில் தொடங்க வேண்டும், முறுக்கும் மடிப்பும் அவ்வளவு தின்றுவிடும். முதல் முறை இது தெரியாமல் ஒரு முழம் நூலில் தொடங்கி, பொம்மையின் இடுப்பைச் சுற்றக்கூடக் கயிறு போதவில்லை.

பூத்தையல் நூல் மட்டும் ஏன் பளபளக்கிறது என்று பேத்தி கேட்டாள். பஞ்சு நூல்தானே அதுவும்? அதுவும் பஞ்சுதான். 1844ஆம் ஆண்டு ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், பருத்தியைக் காரக் கரைசலில் நனைத்தால் இழை உப்பி, வலுவாகி, சாயத்தையும் நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆனால் நூல் சுருங்கிவிடுகிறது. பிற்பாடு வந்தவர்கள், நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நனைத்தால் பட்டு போல் மினுக்கம் வருகிறது என்று பார்த்தார்கள். ‘மெர்சரைஸ்டு’ என்று உறையில் போட்டிருப்பார்களே, அந்தச் சொல் ஓர் ஆளின் பெயர் என்பது எனக்கே தொழிலில் பாதிக் காலம் கழித்துத்தான் தெரிந்தது.

நூலைக் குழந்தையின் கையில் கொடுப்பது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1837இல் ஜெர்மனியில் சிறு குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கிய பிரெட்ரிக் ஃப்ரோபெல், முதல் விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தது ஆறு கம்பளி நூல் பந்துகள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. கணிதமேதை ஜார்ஜ் பூலின் மனைவி மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916) ஒரு படி மேலே போய், அட்டையில் ஊசி நூலால் வடிவகணிதம் பழக்கலாம் என்றார். சிகரத்துக்குப் பெயர் கொடுத்த எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழியில் மகள் முறை அவர்.

அந்த அட்டை வேலையைச் செய்து பார்த்தோம். ஒரு தடித்த அட்டையில் ‘ட’ எழுத்தைப் போல நிமிர்ந்த கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று. மூலையிலிருந்து தொடங்கி இரண்டிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பத்துப் பத்துப் புள்ளிகள். துளை போடுவது என் வேலை. படுத்த கோட்டின் 1ஆம் துளையிலிருந்து நிமிர்ந்த கோட்டின் 10ஆம் துளைக்கு ஒரு நூல், 2இலிருந்து 9க்கு ஒரு நூல், 3இலிருந்து 8க்கு. எந்த இரண்டைச் சேர்த்தாலும் 11 வரும். இதைப் பேத்தி நான்காவது நூலில் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் எண்ணிப் பார்க்கும் வேலையையே விட்டுவிட்டாள். ஒரு நூல் முடிந்த துளைக்குப் பக்கத்துத் துளையிலேயே அடுத்ததைத் தொடங்கினால் பின்பக்கம் நூல் வீணாவதில்லை. மொத்தம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நூல் பிடித்தது, ஆகையால் இடையில் இரண்டு முறை புதிதாகக் கோத்தோம்.

பத்தாவது நூலை இழுத்ததும் அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் நேரான கோடுகள் பத்து, ஆனால் அவற்றின் விளிம்பு வில்லைப் போல வளைந்து நின்றது.

“நான் வளைவாக எதுவுமே போடவில்லையே தாத்தா, இது எங்கிருந்து வந்தது?”

அந்த வளைவுக்குப் பரவளையம் என்று பெயர். பெயரைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு நூலின் மேலும் விரலை ஓட்டி, எல்லாம் நேராகத்தான் இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, உங்கள் செய்முறையில் அதுவும் இல்லை. பேரன் ஒரு நாள் தன் சுட்டுவிரலில் நூலை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ‘மோதிரம்’ என்று காட்ட வந்தான். விரல் நுனி ஊதாவாகிவிட்டது. உடனே பிரித்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இரத்த ஓட்டம் நிற்க மெல்லிய நூலே போதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் தரையில் கிடக்கும் இழை குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டாலும் வெளியே தெரியாது, அழுதால் காலுறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நீள நூலைக் கழுத்தில் போட்டு விளையாட விடக் கூடாது. ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் ஊசி குறைந்தால் யாரும் தரையில் கால் வைக்கக் கூடாது. ஒரு முறை எல்லோரும் கட்டிலில் ஏறி நின்றோம். ஊசி என் சட்டைக் காலரில் குத்தியிருந்தது.

பள்ளிகளில் கைவினைப் பொருள் செய்து வரச் சொல்கிறார்களே, அந்தக் கண்காட்சிகளை நான் பார்த்திருக்கிறேன். மேசை மேசையாகப் பெற்றோருக்குள் நடக்கும் போட்டி அது. ஓரமாக ஒன்று கோணல்மாணலாக, பசை வழிந்து, முடிச்சு துருத்திக்கொண்டு இருக்கும். அதன் பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம் மட்டும்தான் ‘எப்படிச் செய்தாய்?’ என்று கேட்டால் பதில் வரும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ‘பதினைந்தே நிமிடம்’ என்று தலைப்பில் போடாதீர்கள். அந்த ஒரு வரிதான் என் மருமகளை உட்கார வைத்தது. என்ன நூல், எத்தனை இழை, எவ்வளவு நீளம் என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். எங்கே நழுவும், எங்கே சிக்கும், சிக்கினால் என்ன செய்வது என்று எழுதுங்கள். ‘பெரியவர்கள் உதவியுடன்’ என்று பொதுவாக எழுதுவதை விட்டுவிட்டு, எந்த வேலை பெரியவருக்கு என்று குறிப்பாகச் சொல்லுங்கள். துளை போடுவது, ஊசி எண்ணுவது, அவ்வளவு போதும். முடிந்தால் ஏழு வயதுக் குழந்தை செய்த ஒன்றையே படமாகப் போடுங்கள். பேத்தியின் நட்சத்திரத்தை அனுப்பத் தயார், பின்பக்கம் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை.

இன்னும் குஞ்சம் கட்டுவது, விரலாலேயே சங்கிலி பின்னுவது என்று எழுத நிறைய இருக்கிறது. ஆனால் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பேரன் மேசைக்கு அடியில் புகுந்து, என் கணுக்காலையும் நாற்காலிக் காலையும் சேர்த்து மஞ்சள் நூலால் கட்டிவிட்டான். கத்தரிக்கோல் கேட்டேன். “வெட்டக் கூடாது தாத்தா, தளர்த்த வேண்டும்” என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர்